பழிவாங்கும் பெண்ணின் கதையில் காதல் பலமா, பாரமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் வாசகப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

யங் அடல்ட் என்று தனி அலமாரி போட்டு விற்கிறார்களே, அந்த இளையோர் நாவல்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. பழிவாங்கப் புறப்பட்ட ஒரு பெண், போகிற வழியில் தான் நினைத்தே பார்க்காத ஒருவரைக் காதலித்துவிடுகிறாள். அந்தக் காதல் கதைக்குப் பலமா, பாரமா? பலமே என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி நன்றாகவே பேசினார். நியாயமான கோபத்தோடு கிளம்பிய பெண்ணின் காலைக் காதல் வந்து கட்டிப்போடுகிறது என்றார். புத்தகம் விற்க வேண்டுமே என்பதற்காகச் செருகிய சரக்கு என்றார். துன்புறுத்தியவனையே காதலிக்கலாம் என்று 15 வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றார். கடைசியில் கண்ணகியைக் கூப்பிட்டு நிறுத்தி, "மதுரையை எரிக்கப் போகிற வழியில் இவள் யாரையாவது காதலித்தாளா?" என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன்.

முதலில் இந்தப் பெண்களின் வயதைப் பாருங்கள், நடுவர் அவர்களே. பெரியவர்களுக்கான பழிக்கதையில் எதிரி சாய்ந்ததும் கதையை முடித்துவிடலாம். நாயகனுக்கு நரை விழுந்திருக்கும், இழக்க வேண்டியதையெல்லாம் இழந்திருப்பான், அதோடு சரி. இவளுக்கு 16, 17 வயது. எதிரி செத்த மறுநாள் காலையில் இவள் எழுந்து பல் துலக்க வேண்டும். அப்புறம் இன்னும் 50, 60 வருடம் வாழ வேண்டும். பழி என்பது எதிரி விழுகிற நிமிடம் வரைக்கும் எல்லாவற்றையும் திட்டமிட்டுத் தரும். எங்கே ஒளிய வேண்டும், எதில் விஷம் வைக்க வேண்டும், யாரை நம்பக் கூடாது, எல்லாம் சொல்லும். மறுநாளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லாது. "முடிச்சப்புறம் நீ என்ன பண்ணப் போறே?" என்று அவளைக் கேட்க இந்தக் கதைகளில் பெரும்பாலும் ஒரே ஓர் ஆள்தான் வருகிறார். அவளைக் காதலிக்கிற ஆள்.

சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' 2008இல் வந்தது. நம்மில் பலர் படித்தது, இல்லாவிட்டால் படமாகப் பார்த்தது. காட்னிஸுக்கு 16 வயது. குலுக்கலில் 12 வயதுத் தங்கை ப்ரிம்மின் பெயர் வந்ததும், அவளுக்குப் பதில் நான் போகிறேன் என்று, ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டிய அரசாங்கத்துச் சாவு விளையாட்டுக்குப் போகிறாள். கூடவே அனுப்பப்படுகிற பீட்டா, ரொட்டிக் கடைக்காரர் மகன், நாடே பார்க்கிற தொலைக்காட்சியில் உட்கார்ந்து இவளைக் காதலிப்பதாகச் சொல்கிறான். காட்னிஸ் அதைத் தந்திரம் என்றுதான் எடுத்துக்கொள்கிறாள். பின்னால் குகைக்குள் அவன் காயத்தோடு காய்ச்சலில் கிடக்கும்போது ஒரு முத்தம் கொடுக்கிறாள். உடனே, விளையாட்டைப் பார்க்கிறவர்கள் பணம் கட்டி அனுப்பும் பரிசாக, பாராசூட்டில் ஒரு பாத்திரம் சூப் வந்து இறங்குகிறது. ஒரு முத்தத்துக்கு ஒரு பாத்திரம் சூப் என்று அவள் கணக்குப் போட்டுக்கொள்கிறாள். பசியில் வளர்ந்த பிள்ளை வேறு எப்படி யோசிக்கும்?

2010இல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் நம் தலைப்புக்கு விடை இருக்கிறது. யாரைக் காப்பாற்றக் கிளம்பினாளோ அந்த ப்ரிம் குண்டுவெடிப்பில் செத்துப்போகிறாள். இப்போது காட்னிஸுக்கு ஒரே ஆசை, அதிபர் ஸ்னோ தன் கையால் சாக வேண்டும். கிளர்ச்சித் தலைவி காயின் ஒரு மேசையைச் சுற்றி எல்லோரையும் உட்காரவைத்து, தலைநகரத்துப் பிள்ளைகளை வைத்துக் கடைசியாக ஒரு விளையாட்டு நடத்தலாமா என்று கேட்கிறாள். பீட்டா கூடவே கூடாது என்கிறான். காட்னிஸ் சம்மதிக்கிறாள், ப்ரிம்முக்காக. காயினை நம்பவைக்கத்தான் அப்படிச் சொன்னாள் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு முழுக்க அப்படித் தோன்றவில்லை. தங்கையைப் பறிகொடுத்தவளின் வயிற்றெரிச்சலும் அதில் இருக்கிறது.

மரண தண்டனை நாள். ப்ரிம்மைக் கொன்ற குண்டு காயினுடையது என்று இதற்குள் நம்பிவிட்ட காட்னிஸ், ஸ்னோவுக்குக் குறிவைத்த வில்லைக் கடைசி நொடியில் திருப்பிக் காயினைக் கொல்கிறாள். அதற்கு அடுத்த நொடியை எதிரணி நண்பர்கள் மறுபடி ஒருமுறை படிக்க வேண்டும். அவள் உடையின் தோள்பக்கம் தைத்த சின்னப் பையில் ஒரு விஷ மாத்திரை இருக்கிறது. தலையைத் திருப்பி அதைக் கடிக்கப் போகிறாள். பல் பதிந்தது மாத்திரையில் இல்லை, சதையில். பீட்டாவின் கை குறுக்கே வந்து அந்தப் பையைப் பொத்தியிருக்கிறது. அவன் கையில் ரத்தம்.

இந்த பீட்டா யார்? எதிரிகள் சித்திரவதை செய்து, நினைவையே திரித்து அனுப்பியதால், இதே காட்னிஸின் கழுத்தை நெரித்தவன். அவன்தான் கை நீட்டுகிறான். பழி முடிந்த நொடியில் அவள் தேர்ந்தெடுத்தது சாவு. ஏனென்றால் திட்டத்தில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இந்தக் கையையா, நடுவர் அவர்களே, பாரம் என்கிறார்கள்?

விற்பனைக்காகச் செருகியது என்றார்களே, இந்த இடத்திலேயே பதில் சொல்லிவிடுகிறேன். 'டீம் பீட்டா', 'டீம் கேல்' என்று சட்டை அச்சடித்து விற்றது உண்மை. ஆனால் கதைக்குள்ளே அந்த இரண்டு பையன்களும் என்ன செய்கிறார்கள்? கேல், காட்னிஸோடு காட்டில் வேட்டையாடிய நண்பன், கோபத்தை ஆயுதமாக மாற்றத் தெரிந்தவன். முதல் குண்டு வெடிக்கட்டும், காயம்பட்டவர்களைக் காப்பாற்ற ஆட்கள் ஓடி வருவார்கள், அப்போது இரண்டாவது வெடிக்கட்டும் என்ற கண்ணியை யோசித்தவர்களில் அவனும் ஒருவன். அதே மாதிரி ஒரு குண்டில்தான், காயம்பட்ட பிள்ளைகளுக்கு மருந்து போட ஓடிவந்த ப்ரிம் சாகிறாள். அது தன்னுடைய குண்டுதானா என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு காட்னிஸால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யாரோடு வாழ்வது என்று அவள் முடிவெடுப்பது, பழியோடு வாழ்வதா, வேண்டாமா என்ற முடிவுதான். அந்தக் காதலை வெளியே எடுத்தால் அந்தக் கேள்வியும் கூடவே போய்விடும்.

சரி, துன்புறுத்தியவனைக் காதலிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கவலை எனக்கும் உண்டு. நம் வீட்டுப் பெண் பிள்ளை ஒருத்தி வந்து, "வகுப்பில் என்னை அவமானப்படுத்துறானே, அவனைத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அவளோடு உட்கார்ந்து பேச வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

தோழி சுட்டிக்காட்டிய புத்தகம் ஹோலி பிளாக் 2018இல் எழுதிய 'தி க்ரூயல் பிரின்ஸ்'. ஜூடுக்கு 7 வயதாக இருக்கும்போது, மேடாக் என்ற தேவலோகத் தளபதி அவள் கண் முன்னாலேயே அப்பாவையும் அம்மாவையும் கொல்கிறான். கொன்றவனே அவளைத் தூக்கிப் போய் மகளாக வளர்க்கிறான். 17 வயதில், மனிதப் பிறவி என்பதற்காக அவளை எல்லோரும் இளக்காரமாகப் பார்க்கும் அந்த ஊரில், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் சாப்பிட்டு உடம்பைப் பழக்கிக்கொள்கிறாள். இளவரசர்களில் கடைக்குட்டியான கார்டனும் அவன் கூட்டமும் அவளையும் இரட்டைச் சகோதரியையும் ஆற்றில் தள்ளி வேடிக்கை பார்க்கிறார்கள். பின்னால் அவன் புத்தகத்துக்குள் ஒரு காகிதத்தைக் கண்டெடுக்கிறாள். அதில் முழுக்க அவள் பெயர், திரும்பத் திரும்ப, அவன் கையெழுத்தில்.

அந்தக் காகிதத்தைப் பார்த்து அவள் உருகிப் போவதில்லை. அவன் திருந்தட்டும் என்று காத்திருப்பதும் இல்லை. முதலில் அவனை ஒரு வருடமும் ஒரு நாளும் தன் சொல்லுக்குக் கட்டுப்படும்படி சத்தியம் வாங்குகிறாள். அப்புறம் அவனுக்கே தெரியாமல் அவன் தலையில் கிரீடம் வைக்க ஏற்பாடு செய்கிறாள். காதல் தனியாக வளர்வதற்கு முன்பே கடிவாளம் அவள் கைக்கு வந்துவிடுகிறது. அதே புத்தகத்தில் லாக் என்று இன்னொருவன் இருக்கிறான். பார்க்க இதமானவன், பேச்சில் தேன் ஒழுகும். ஜூடின் பின்னால் சுற்றிக்கொண்டே அவள் சகோதரியை மணக்க வாக்குக் கொடுத்திருக்கிறான். எந்தக் காதலுக்குப் பயப்பட வேண்டும் என்று அந்தப் புத்தகத்துக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. 15 வயதுப் பிள்ளை அதிலிருந்து ஒன்று கற்றுக்கொள்ள வேண்டுமானால் லாக்கைப் பற்றிக் கற்றுக்கொள்ளட்டும்.

மூன்றாம் பாகமான 'தி குவீன் ஆஃப் நத்திங்'கில் கார்டன் ஒரு பெரிய பாம்பாக மாறிவிடுகிறான். ஒரு பொற்கடிவாளம் இருக்கிறது. அதை மாட்டினால் அவன் என்றைக்கும் அவள் சொன்னதைக் கேட்பான். ஒரு வருடமும் ஒரு நாளும் கட்டிவைத்தவளுக்கு இப்போது ஆயுள் முழுக்கக் கட்டிவைக்க வாய்ப்பு. அவளுக்குச் சிறுவயதிலிருந்து வேண்டியிருந்ததெல்லாம் அதிகாரம்தானே? அவள் கடிவாளத்தை மாட்டவில்லை. அவன் திரும்பி வருவான் என்ற நம்பிக்கை இல்லாமலேயே, அடிமையாக இருப்பதிலிருந்து விடுவிக்க அந்தப் பாம்பின் தலையை வெட்டுகிறாள். அதற்கப்புறம் பெற்றோரைக் கொன்ற மேடாக்கின் உயிர் அவள் கையில் வருகிறபோது, அவனை மனித உலகத்துக்கு நாடு கடத்துகிறாள், கொல்லவில்லை. முதல் பாகத்து ஜூடால் இதைச் செய்திருக்க முடியாது. இடையில் அவளை மாற்றிய விஷயங்களில் முதன்மையானது எது என்று எதிரணிதான் சொல்ல வேண்டும்.

இனி கண்ணகி. வழியில் அவள் யாரையும் காதலிக்கவில்லை, உண்மை. அவளுடைய பழியே காதல்தானே, தோழி? கோவலனுக்காக எரித்தாள். அந்தத் தீக்குக்கூட அவள் கட்டளை இருந்தது: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி, இவர்களை விட்டுவிட்டுத் தீத்திறத்தார், அதாவது தீயவர்கள், பக்கமே போ என்றாள். அப்புறம் என்ன ஆனாள்? வையைக் கரையோடு மேற்கே நடந்து, மலையேறி, வேங்கை மர நிழலில் நின்றாள். மதுரையை எரித்த வீராங்கனை என்று இளங்கோவடிகள் அவளை அங்கே தனியாக விட்டிருக்கலாம். விடவில்லை. பதினாலு நாள் கழித்துக் கோவலனையே வரவழைத்து வானவூர்தியில் கூட்டிப்போகச் செய்கிறார். ஊரை எரித்தவளுக்கும் மறுநாள் என்று ஒன்று வேண்டும் என்று சேர நாட்டுத் துறவிக்குத் தெரிந்திருக்கிறது.

காதல் என்றாலே ஒரு பையன் வந்து அவளைக் காப்பாற்றுவது என்று எதிரணியின் இளைஞர் ஒருவர் இடையில் சொன்னார். மலேசியாவிலும் இங்கிலாந்திலும் வளர்ந்த நடாஷா நான் 2018இல் எழுதிய 'கேர்ள்ஸ் ஆஃப் பேப்பர் அண்ட் ஃபயர்' அவர் கையில் கிடைத்ததில்லை போலிருக்கிறது. அரக்க அரசனின் அந்தப்புரத்துக்கு இழுத்துவரப்படுகிற 17 வயது லெய், காதலிப்பது அங்கேயே அடைக்கப்பட்ட இன்னொரு பெண்ணை, ரென்னை. ரென்னோ அந்த அரசனைக் கொல்லவே வளர்க்கப்பட்டவள். அந்தக் காதலால் இருவரில் யாருடைய கோபமும் மழுங்கவில்லை.

"காதல் காப்பாற்றவில்லையே" என்பது எதிரணியின் கடைசி ஆயுதம். மிண்டி மெக்கின்னிஸ் 2016இல் எழுதிய 'தி ஃபீமேல் ஆஃப் தி ஸ்பீஷீஸ்' நாவலை எடுத்துக் காட்டினார்கள். அக்காவைக் கொன்றவன் தப்பிவிட்டதால் அலெக்ஸ் அவனைத் தானே கொல்கிறாள். ஜாக் அவளைக் காதலிக்கிறான். ஆனாலும் அவள் செத்துப்போகிறாள். உண்மைதான். காதல் எல்லோரையும் காப்பாற்றும் என்று நான் எங்கே சொன்னேன்? அந்தக் கதையை அலெக்ஸ், ஜாக், பீக்கே என்று மூன்று பேர் மாறி மாறிச் சொல்கிறார்கள். அலெக்ஸ் தன்னைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கொலைகாரியைத்தான் காட்டுகிறாள். விலங்குக் காப்பகத்தில் நாய்களைப் பார்த்துக்கொள்கிற, சிரிக்கத் தெரிந்த, நட்புக்கு ஏங்குகிற பெண்ணை நமக்குக் காட்டுவது அவளை நேசித்த மற்ற இரண்டு பேர்.

கோர்ட்னி சம்மர்ஸின் 'சேடி'யிலும் இதுதான். 2018இல் வந்து, அடுத்த வருடம் குற்றக் கதைகளுக்கான எட்கர் விருது வாங்கிய நாவல். 13 வயதுத் தங்கை மேட்டியைக் கொன்றவனைத் தேடி, திக்குவாயோடு, தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிற 19 வயதுப் பெண் சேடி. அவள் என்ன ஆனாள் என்று கடைசி வரை நமக்குத் தெரியாது. நடுவில் ஓர் ஊரில் தன் வயதுக்காரர்கள் சிலரோடு உட்கார்கிறாள். ஹாவி என்ற பையனை அவளுக்குப் பிடித்துப்போகிறது. பொய்ப் பெயரில் வந்திருக்கிறோம் என்பதும், நாளைக்குக் கிளம்ப வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். இருந்தும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்க ஆசைப்படுகிறாள். காதல் என்று சொல்லக்கூட அங்கே பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. இதை வைத்து எந்தப் பதிப்பகம் எதை விற்க முடியும்?

எதிரணியினர் அந்தச் சில பக்கங்களை நீக்கிவிட்டு 'சேடி'யைப் படித்துப் பார்க்கட்டும். துரத்தல் அப்படியே இருக்கும், வேகம் குறையாது. ஆனால் துரத்திப் போகிறவளிடமிருந்து அந்தக் கொலைகாரன் தங்கையைத் தவிர வேறு எதையெல்லாம் பறித்தான் என்று நமக்குத் தெரியாமல் போய்விடும். அதைத் தெரியவைக்கிற பக்கங்களை பாரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை, நடுவர் அவர்களே. மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.