டப்பாவின் பின்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் மோட்டார்சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். செம்பனைத் தோட்டங்களிலிருந்து செம்மண் அப்பிக்கொண்டு வரும் கப்சாய் எனும் சிறிய மோட்டார்சைக்கிள்களைக் கழற்றிப் பூட்டுவதுதான் என் பிழைப்பு.

போன மாதம் ஒரு தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அண்ணே, முறுக்கினால் எஞ்சின் கத்துகிறது, வண்டி மேடு ஏற மாட்டேன் என்கிறது" என்றார். கிளட்சைத் திறந்தேன். கருகிய வாடை அடித்தது. சொரசொரப்பாக இருக்க வேண்டிய தட்டுகள் விரலை வைத்தால் வழுக்கின. என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன். அண்ணன் காருக்கு வாங்கியதில் மீந்த விலையுயர்ந்த சிந்தெட்டிக் எண்ணெயாம். நல்லது செய்வதாக நினைத்துத்தான் ஊற்றியிருக்கிறார்.

எண்ணெய் மட்டமானதல்ல. ஆனால் அது காருக்கானது. உராய்வைக் குறைத்து பெட்ரோல் மிச்சப்படுத்தும் சேர்மானங்கள் அதில் உண்டு. கப்சாயில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. கிளட்ச் பிடிக்க உராய்வு வேண்டும். அதனால்தான் மோட்டார்சைக்கிள் எண்ணெய் டப்பாவின் பின்பக்கம் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற, எண்ணெயில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது எனக் காட்டும் ஜப்பானியத் தரக்குறியீடு இருக்கிறதா பாருங்கள் என்று மன்றாடுகிறேன்.

முன்பக்கத்தில் பெரிதாக மின்னும் 'சிந்தெட்டிக்' என்ற சொல்லுக்கு வருகிறேன். கச்சா எண்ணெயை வடித்து, மெழுகு நீக்கிச் சுத்தப்படுத்தினால் கிடைப்பது மினரல் எண்ணெய். சிந்தெட்டிக் என்றால் முன்பெல்லாம் ரசாயன முறையில் கட்டி உருவாக்கிய பாலிஆல்ஃபாஒலிஃபின் போன்றவைதான். பிறகு, கச்சா எண்ணெயின் பகுதியையே ஹைட்ரஜனோடு அதிக அழுத்தத்தில் உடைத்து மாற்றியமைத்த, 'குரூப் 3' எனப்படும் மூன்றாம் வகை எண்ணெய் வந்தது. காஸ்ட்ரால் நிறுவனம் அதையும் சிந்தெட்டிக் என்று விற்க, போட்டி நிறுவனமான மோபில் புகார் செய்தது. 1999-இல் அமெரிக்க வணிகத் துறையே அமைத்துக்கொண்ட விளம்பரக் கண்காணிப்புப் பிரிவு அப்படிச் சொல்லலாம் என்று முடிவு சொன்னது. அன்றிலிருந்து அந்தச் சொல்லை மட்டும் வைத்து உள்ளே இருப்பது எது என்று கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாம் வகையை நான் குறை சொல்லவில்லை. நம் மலாக்காவிலேயே அது தயாராகிறது. தரமான எண்ணெய்தான். வெயிலில் நாள் முழுதும் ஓடும் வண்டிக்கு மினரலைவிட வெப்பம் தாங்கும், ஆவியாவதும் குறைவு. ஆனால் 'கடுங்குளிரிலும் உடனே ஸ்டார்ட் ஆகும்' என்ற விளம்பரத்துக்காக இரட்டிப்புக் காசு கொடுக்காதீர்கள். 10டபிள்யூ-40 என்பதில் முதல் எண் குளிரைப் பற்றியது. பேராக்கில் பனி பெய்வதில்லை. 40 என்பதுதான் சூடான எஞ்சினில் எண்ணெயின் கெட்டித்தன்மை. உங்கள் வண்டிக்கு எது என்று கையேட்டிலேயே போட்டிருக்கும்.

எந்த எண்ணெயானாலும் தோட்டப் புழுதியும் பெட்ரோல் கரியும் அதில் சேரத்தான் செய்யும். பெரும்பாலான கப்சாய்களுக்குள் இருப்பது ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். சிந்தெட்டிக் என்று நம்பி மாதக்கணக்கில் மாற்றாமல் ஓட்டிய வண்டிகளைத் திறந்தால், அளவுகோலின் நுனியைக்கூட எண்ணெய் தொடுவதில்லை. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டில் நகத்தால் தடவினாலே கோடுகள் தட்டுப்படுகின்றன. அந்த உதிரிப்பாகத்தின் விலையில் மினரல் எண்ணெயைப் பலமுறை மாற்றியிருக்கலாம்; சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்திடம் அந்தப் பில்லை நீட்டும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவும் ஓர் அம்மா சாதாரண மினரல் எண்ணெய்தான் வாங்குவார். மாற்றிய தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டமிட்டு, நாள் தவறாமல் வந்துவிடுவார். அவர் வண்டியின் எஞ்சினை நான் இன்னும் ஒருமுறைகூடத் திறக்கவில்லை.