உட்கார விடாத கட்டி

(காட்சி: காசிமேடு, விடிந்தும் விடியாத நேரம். மீன் கூடைகள். குரல் மட்டும்.)

மீன் விற்கிற அக்கா ஒருவர், மூன்று நாளாகப் பலகையில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்காருகிறார். ஷேர் ஆட்டோவில் இடமிருந்தும் ஏறாமல் நடக்கிறார். கேட்டால் "சூட்டுக் கட்டிம்மா" என்கிறார். எந்த இடத்தில் என்று மட்டும் சொல்லமாட்டார்.

(காட்சி: கோட்டோவியம்.)

பெண் பிறப்புறுப்பின் வாசலில் இரண்டு பக்கமும், கடிகாரத்தில் 4 மணியும் 8 மணியும் இருக்கிற இடத்தில், பட்டாணி அளவில் இரண்டு சுரப்பிகள் உண்டு. ஈரத்தைக் கசியவிடுவது அவற்றின் வேலை. பெயர் பார்தோலின் சுரப்பி. அதன் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். அதன் வாய் அடைத்தால் நீர் தேங்கி உருண்டையாகும்; பெரும்பாலும் வலிக்காது. அதற்குள் கிருமி புகுந்தால்தான் சீழ், சிவப்பு, விண்விண்ணென்று தெறிக்கிற வலி.

உடம்புச் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இளநீர் குடியுங்கள், நல்லதுதான். கட்டி அதனால் கரையாது. 'தப்பான நோய்' என்ற பயமும் வேண்டாம். பால்வினைக் கிருமிகளாலும் வரலாம். ஆனால் குடலில் சாதாரணமாக இருக்கிற ஈ.கோலை கிருமியாலும் வரும்.

(காட்சி: அகலமான பேசின், ஆவி பறக்காத வெந்நீர்.)

சிறிய கட்டியென்றால், இடுப்பு நனையும் அளவுக்குப் பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து, 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை உட்காரலாம். சில கட்டிகள் தானாகவே உடைந்து வடிந்துவிடும். பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். சுண்ணாம்பு தடவுவதை நினைத்தாலே எனக்கு எரிகிறது.

சீழ் நிறையக் கட்டிவிட்டால் மெடிக்கலில் வாங்கிய மாத்திரை மட்டும் போதாது. சீழுக்கு வெளியே வர வழி வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, சிறிதாகக் கீறி வடிப்பார்கள். வெறுமனே கீறிவிட்டால் அந்த வாய் சீக்கிரம் மூடி, கட்டி திரும்ப வரலாம். அதனால் நுனியில் குட்டி பலூன் உள்ள மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே வைத்து, சுமார் நான்கு வாரம் விட்டுவைப்பதுண்டு. இல்லையென்றால், கட்டியின் ஓரத்தைத் தோலோடு சேர்த்துத் தைத்து நிரந்தர வாசல் அமைப்பார்கள். அடிக்கடி வருபவர்களுக்கு இது நல்ல வழி.

காய்ச்சல், குளிர் நடுக்கம், சிவப்பு வேகமாகப் பரவுவது, சுகர், கர்ப்பம்: இதில் எது இருந்தாலும் அன்றைக்கே போங்கள். 40 வயதுக்கு மேல் புதிதாக வந்தால் சிறிது சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். புற்றுநோய் அரிது, ஆனாலும் பார்த்துவிட வேண்டும்.

(காட்சி: ராயபுரம், ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை வாசல்.)

பெயரில் மகப்பேறு என்று இருப்பதால் பிரசவத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். வண்ணாரப்பேட்டைப் பக்கமென்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. சீட்டு வாங்கும் இடத்தில் விவரம் சொல்லக் கூச்சமாக இருந்தால், "லேடி டாக்டரைப் பார்க்கணும், கட்டி" என்றால் போதும். மற்றதை உள்ளே சொல்லிக்கொள்ளலாம். சீழ் வடிந்ததுமே வலி பெரும்பாலும் சட்டென்று இறங்கிவிடும்.

(காட்சி: அக்கா ஷேர் ஆட்டோவில், நேராக உட்கார்ந்து.)