ஈரலில் உள்ள ஆர்.என்.ஏ. யார் பக்கம்?

(மட்டக்களப்பில் உயர்தர உயிரியல் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, வணக்கம். மார்கழி மழை பெய்து தண்ணீர் தேங்கினால் மட்டக்களப்பில் டெங்குப் பேச்சும் தொடங்கிவிடும். நுளம்பைப் பற்றி உங்களுக்கு நிறையச் சொல்லியிருப்பார்கள். அது கடித்த பிறகு கலத்துக்குள் நடப்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. நான் அதைப் பேசத்தான் வந்தேன்.

நமது டி.என்.ஏ.யில் புரதத்துக்கான பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு. மீதியிலும் பெரும்பகுதி ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்படுகிறது, ஆனால் புரதமாவதில்லை. அதனால் என்ன பயன் என்று கேட்டவர்கள் பலர். விக்டர் அம்புரோசும் கேரி ருவ்குனும் 1993இல் ஒரு சின்னப் புழுவில் கண்ட மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு (புரதமாகாமல், வேறு ஆர்.என்.ஏ.யில் ஒட்டி அதைக் கட்டுப்படுத்தும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ.) நோபல் பரிசு வர 2024 ஆகிவிட்டது.

சரி, வைரசு புகுந்தால்? இன்புளுவென்சா தொற்றிய கலத்தின் கருவில் நீட்1 என்ற நீண்ட ஆர்.என்.ஏ. பெருகுகிறது. வெண்குழியங்களை அழைக்கும் இன்டர்லூகின்-8 என்ற புரதத்தின் மரபணுவை அடக்கிவைத்திருக்கும் ஒரு புரதத்தை அது தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. தடை விலகியதும் மரபணு வேலை செய்யத் தொடங்கும். வெண்குழியங்களுக்கு அழைப்புப் போகும். இருந்த புரதத்தை இடம் மாற்றியே கலம் இதைச் சாதிக்கிறது. எனக்கு இன்றும் வியப்பான விஷயம் இது. என்.ஆர்.ஏ.வி. என்ற இன்னொரு நீண்ட ஆர்.என்.ஏ.யைக் கலம் குறைத்துக்கொள்ளும், ஏனென்றால் அது வைரசை எதிர்க்கும் மரபணுக்களை அடக்குவது.

ஆனால் ஈரலுக்கு வாருங்கள். அங்கே மிகுதியாக இருப்பது மிர்-122 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒட்டினால் இலக்கு பெரும்பாலும் அடங்கிப்போகும். ஹெபடைடிஸ் சி வைரசோ தன் ஆர்.என்.ஏ.யின் முன்முனையில் இரண்டு இடங்களில் அதை ஒட்டவைத்து, நொதிகள் தன்னை அரிக்காமல் காத்துக்கொள்கிறது. இந்த வைரசு பெருக மிர்-122 வேண்டும் என்பது 2005இல் தெரியவந்தது. மிர்-122ஐத் தடுக்கும் மிராவிர்சென் என்ற மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்தபோது வைரசின் அளவு இறங்கியது.

ஆகவே ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. நோயாளியில் கூடியிருக்கிறது என்று வாசித்தால், கலம் போராடுகிறது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். எந்தக் கலம், எந்த வைரசு, எதில் போய் ஒட்டுகிறது என்று கேளுங்கள்.

டெங்குவுக்கும் ஒரு தந்திரம் உண்டு. கலத்தின் நொதி வைரசு ஆர்.என்.ஏ.யை முன்முனையிலிருந்து அரித்துக்கொண்டே போகும்; பின்பகுதியின் இறுக்கமான மடிப்பில் தடைப்பட்டு நிற்கும். எஞ்சிய துண்டும் புரதமாகாத ஆர்.என்.ஏ.தான். சில டெங்கு-2 வகைகளில் அந்தத் துண்டு, வைரசை எதிர்க்கக் கலம் சுரக்கும் இன்டர்பெரான் என்ற புரதம் சுரக்க உதவும் இன்னொரு புரதத்தோடு ஒட்டி அதை முடக்கிவிடுகிறது.