களிம்புக்குக் களிம்பு

வணக்கம் நேயர்களே. போன கிழமை குருநகரில் தெரிந்தவர் ஒருவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். கிணற்று மோட்டர் ஓடுகிறது, முனகுகிறது, நிற்கிறது. கடலுக்குப் பக்கத்து வீடு. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, வயர்கள் வந்து சேருகிற பெட்டியைத் திறந்தேன். உள்ளே செம்பு நிறத்தில் ஒரு பசை கேசரி மாதிரி அப்பிக் கிடந்தது. "கடையில கரண்ட் நல்லாப் போற கிறீஸ் எண்டு தந்தவை, மாஸ்டர்" என்றார் அவர். துடைத்துப் பார்த்தேன். அடியில் பச்சைக் களிம்பு அப்படியே இருக்கிறது. மனுசன் அதற்கு மேலேதான் பூசியிருக்கிறார்.

தமிழில் ஒரு வேடிக்கை பாருங்கள். செம்பில் பிடிக்கிற பச்சைக்கும் களிம்பு என்றுதான் பெயர், புண்ணுக்குப் பூசுகிற மருந்துக்கும் களிம்பு என்றுதான் பெயர். எங்கள் ஊரில் சைவ சமய பாடம் படித்த யாரும் செம்பிற் களிம்பு உவமையை மறந்திருக்க மாட்டார்கள். உயிரோடு ஆணவ மலம் ஒட்டியிருப்பது, செம்போடு களிம்பு ஒட்டியிருப்பதைப் போல என்பார்கள். உயிரின் களிம்பைப் பற்றிப் பேச வேறு நாளில் வேறு ஆள் வருவார். நான் வயர்க் களிம்போடு நிற்கிறேன்.

நான் திரும்பத் திரும்பச் சொல்லுகிற விஷயம் ஒன்றுதான். இன்றைக்கும் இரண்டு மூன்று தடவை சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போவது உலோகத்தில். கிறீஸின் வேலை காற்றையும் உப்புத் தண்ணீரையும் வாசலில் மறித்து வைப்பது.

எப்படி என்று கேட்பீர்கள். புதிதாகப் பொளிந்த அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் குழவியை வைத்தால் முழுக்கவா தொடுகிறது? மேடுகள் மட்டும் தொடும், பள்ளங்களுக்குள் காற்று இருக்கும். வழுவழுப்பான செம்புத் துண்டுகள் இரண்டை இறுக்கி வைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் அதே கதைதான். மின்சாரம் அந்த மேடுகள் வழியாகத்தான் கடக்கிறது. சோளகக் காற்றோடு வருகிற உப்பு ஈரம் பள்ளங்களில் நுழைந்து, மெல்ல மெல்ல மேடுகளையும் அரித்துவிடுகிறது. பள்ளத்தில் முதலே கிறீஸ் இருந்தால் ஈரத்துக்கு அங்கே இடமில்லை. மேட்டில் இருக்கிற கிறீஸை, இறுக்குகிற போல்ற்றே பிதுக்கித் தள்ளிவிடும். அதனால் மின்சாரத்தைத் துளியும் கடத்தாத கிறீஸைப் பூசினாலும் இணைப்பு வேலை செய்யும். இதை நம்பாதவர்களோடு நான் முப்பது வருசமாக வாதாடுகிறேன்.

களிம்பு ஏறினால் என்ன நடக்கும்? ஒரு குதிரை வலு மோட்டர் சுமார் 6 அம்பியர் எடுக்கும். இணைப்பில் அரை ஓம் தடை இருந்தால் அந்தச் சின்ன இடத்திலேயே 18 வாட் சூடு பிறக்கிறது. ஒரு சிறிய சோல்டரிங் அயனைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் பூட்டி வைத்த மாதிரி. பிளாஸ்டிக் கருகி மணம் வருவது இதனால்தான்.

சரி, இந்தப் பைத்தியம் எனக்கு எங்கே பிடித்தது என்று சொல்கிறேன். 1990களின் முதற்பாதி. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றறி வருவதற்குத் தடை, மண்ணெண்ணெய் இருந்தால் மோட்டர் சைக்கிளுக்கு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. இரவில் ஜாம் போத்தல் விளக்கு. ரேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். என் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, அவர்களுடைய தோள் இன்னும் மறந்திருக்காது. எங்கள் வீட்டில் சுற்றுகிற ஆள் நான். கேட்கிற ஆள் பெரியப்பா. இரவில் பி.பி.சி. தமிழோசை நேரம் வந்தால், மதிலுக்கு அந்தப் பக்கத்திலும் நாலு பேர் வந்து நிற்பார்கள்.

டைனமோ 6 வோல்ட், 3 வாட், அதாவது அரை அம்பியர். அதிலிருந்து வருவது மாறி மாறி ஓடும் மின்சாரம் என்பதால், பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய நாலு டயோட்டைப் போட்டுத் திருத்தியிருந்தார் பெரியப்பா. டைனமோவிலிருந்து ஒரே ஒரு வயர்தான் போகும். திரும்பி வருகிற வழி சைக்கிளின் உடம்பு. டைனமோவைப் பிடித்திருக்கும் கிளிப்பில் ஊசி முனையோடு ஒரு சின்ன ஸ்குறூ இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? பெயின்ற்றைத் துளைத்து இரும்பைத் தொடுவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். கடற்கரை ஊரில் அந்த ஊசி முனையில்தான் முதலில் கறள் பிடிக்கும்.

ஒருநாள் முக்கியமான செய்தி வரும் நேரத்தில் ரேடியோ கரகரத்து அடங்கிவிட்டது. நான் இன்னும் வேகமாகச் சுற்றினேன். பயனில்லை. மதிலுக்கு அப்பால் நின்றவர்களிடம் எனக்குத்தான் பேச்சு விழுந்தது. பெரியப்பா சில்லின் நடு அச்சிலிருந்து கறுத்த கிறீஸைத் தோண்டி அந்த ஸ்குறூவுக்கு அப்பினார். ரேடியோ வாயே திறக்கவில்லை. முதலில் இருந்த கரகரப்பும் போய்விட்டது. அடுத்த நாள் காலையில் அவர் ஸ்குறூவைக் கழற்றி, முனையைச் சவரத் தகட்டால் சுரண்டி, சட்டத்திலும் காசு அளவுக்கு இரும்பு மினுங்கச் சுரண்டி, இறுக்கிப் பூட்டி, அப்புறம்தான் அதே கறுத்த கிறீஸை மேலே பூசினார். அன்றிரவு ரேடியோ தெளிவாகப் பாடியது. "சுரண்டாமல் பூசினது புண்ணைக் கழுவாமல் மருந்து கட்டினது மாதிரி, தம்பி" என்றார். அதே கிறீஸ், அதே ஸ்குறூ, அதே ரேடியோ. மாற்றியது வரிசையை மட்டும்தான். கார் பற்றறி முனைக்கு என்ன பூசுவது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இன்றைக்கும் இந்தக் கதையைத்தான் சொல்லுகிறேன். அவர்கள் பாவம், ஒரு வரியில் பதில் எதிர்பார்த்து வந்திருப்பார்கள்.

பற்றறி என்றதும் ஞாபகம் வந்தது. மறை முனையை, அதாவது மைனஸ் முனையை, முதலில் கழற்றுங்கள், திரும்பப் பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள். வெள்ளையாகப் பூத்திருப்பதை வெந்நீரில் அப்பச்சோடா கரைத்துக் கழுவி, துடைத்து, உலர்த்தி, மினுங்கத் தேய்த்து, இறுக்கி, அதன் பிறகு வாஸ்லின். ஸ்டார்ட் பண்ணும்போது கார் ஒன்று 150 அம்பியர் இழுக்கும். அந்த இணைப்பில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 12 வோல்ட்டில் ஒன்றரை வோல்ட் வழியில் போய்விடும். வாஸ்லின் மலிவு, ஆனால் வெயிலில் உருகி ஒழுகும். வருசத்துக்கு ஒரு தடவையாவது திரும்பப் பூச வேண்டும்.

இனி, கடையில் எதைக் கேட்பது? ஈரம் உள்ளே போகாமல் இருக்க வேண்டிய ஓட்டோ, மோட்டர் சைக்கிள் பிளக்குகளுக்கும் குமிழ் மாட்டுகிற இடங்களுக்கும் சிலிக்கன் கிறீஸ் நல்லது, ரப்பரையும் கெடுக்காது. ஆனால் சிலிக்கன் ரப்பருக்கு மட்டும் அதைப் பூசக்கூடாது, ஊதிப் போகும். பொறி பறக்கிற சுவிட்ச், றிலே முனைகளுக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். பொறியின் சூட்டில் சிலிக்கன் எரிந்து மணலாகிவிடும், மணல் மின்சாரத்தைக் கடத்தாது. சுவிட்சுக்குள் ஒரு மணற்காடு எதற்கு?

அலுமினியத்தின் கதை வேறு. அதைச் சுரண்டிய கணத்திலேயே காற்றுப் பட்டு மேலே ஒரு தோல் பிடிக்கும். தோல் மெல்லியது, ஆனால் கடினம், மின்சாரத்தையும் விடாது. சைவ வகுப்பு உவமைக்குச் செம்பை விட அலுமினியம் பொருந்தியிருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். இதற்கென்று துத்தநாகத் துகள் கலந்த பசை இருக்கிறது. பசையைப் பூசி, பசைக்குள்ளேயே கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும், காற்றுக்கு இடமே கொடுக்காமல். இறுக்கும்போது துகள்கள் அந்தத் தோலைக் குத்திக் கிழிக்கும். துகள் உதவி செய்கிற இடம் இது. அங்கேயும் மின்சாரம் போவது உலோகத்தில்தான். தெருக் கம்பத்திலிருந்து வரும் அலுமினிய வயரில் நீங்கள் கை வைக்க வேண்டாம், அது மின்சார சபைக்காரரின் வேலை.

செம்புத் துகள் பசையை அலுமினியத்துக்குப் பூசினால், உப்பு ஈரத்தில் அலுமினியம்தான் அரிபடும். இரண்டு மூன்று முனை கிட்டக் கிட்ட இருக்கிற பெட்டிக்குள் பூசினால், பசையே ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்குப் பாலம் போட்டுவிடும். குருநகர்க்காரருக்கு அது நடக்காதது அவருடைய நல்ல காலம். அந்தச் செம்புப் பசை உண்மையில் வயருக்குச் செய்ததே இல்லை. சூட்டில் போல்ற் இறுகிப் பிடிக்காமல் இருக்க மரைக்கு, அதாவது போல்ற்றைச் சுற்றி வெட்டியிருக்கும் புரிக்கு, பூசுவது.

மரை. அதைப் பற்றி ஐந்து நிமிடம் கதைக்க எழுதிக் கொண்டுவந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கை காட்டுகிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். வள்ளத்து எஞ்சினில் அலுமினிய உடம்புக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ற் போட்டிருந்தால் பசை பூசாமல் பூட்டாதீர்கள், அடுத்த வருசம் கழற்ற முயன்றால் உடைந்துதான் வரும். செம்புப் பசை வேண்டாம், கடலுக்கென்று விற்கிற பசையைக் கேட்டு வாங்குங்கள். பசை பூசின மரை வழுக்கும், வழக்கமான பலத்தில் திருகினால் தேவைக்கு மேல் இறுகி முறியும். ஆகவே ஐந்தில் ஒரு பங்காவது குறைத்துத் திருகுங்கள். கார்ச் சில்லு நட்டுக்கு ஒன்றும் பூச வேண்டாம், காய்ந்தபடியே பூட்டுங்கள். தம்பி இப்போது இரண்டு கையையும் காட்டுகிறார். வணக்கம்.