12 ஸ்பூன் கஞ்சி, ஒரு இருமல்கூட இல்லை!

வணக்கம் மக்களே! மூளைக் குறைபாட்டால் விழுங்கவே சிரமப்படும் என் மகள் அம்மு இன்று காலையில் 12 ஸ்பூன் கேழ்வரகுக் கஞ்சி குடித்தாள். போன வீடியோவில் ஐந்தாவது ஸ்பூனிலேயே புரையேறி நிறுத்தினோமே, அதே கஞ்சிதான். ஏழாவது ஸ்பூனில் தொண்டை கரகரத்தது, எனக்கு உயிரே போய் வந்தது. ஆனால் விழுங்கிவிட்டாள்!

கெட்டியாக்கும் பவுடர் கலந்துதான் கொடுத்தேன். தண்ணீராக இருந்தால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும், அப்புறம் நிமோனியாதான். அந்த டப்பா இந்த மாதம் 150 ரூபாய் ஏறிவிட்டது. நாலு கடை ஏறி இறங்கினேன், எங்கேயும் அதே விலை. பிள்ளை சாப்பிடுவதற்கு வேண்டிய பொருள் மக்களே, இதில் போய் விலையை ஏற்றுகிறார்கள்!

சரி, எனக்குக் கோபம் வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு விசேஷ வீட்டில், வயதான உறவுக்காரர் ஒருவர், "கிரகணத்தன்னைக்கு வெளியே போயிருப்பே, அதான் பிள்ளை இப்படி" என்றார். எல்லோர் முன்னாலும்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன். அம்முவுக்கு இருப்பது லிஸென்செபாலி. மூளையின் மேற்பரப்பு வால்நட் பருப்பு மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டும். அவளுக்கு வழவழவென்று இருக்கிறது. கர்ப்பத்தின் மூன்றாவது மாதவாக்கில் நரம்பு செல்கள் உள்ளேயிருந்து மேற்பரப்புக்கு நகர ஆரம்பிக்கும். அவளுக்கு அவை பாதி வழியிலேயே நின்றுவிட்டன. காரணம் 17ஆவது குரோமோசோமில் உள்ள லிஸ்1 என்ற மரபணுவில் வந்த மாற்றம். இந்த மரபணுவை 1993இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பெரும்பாலும் இந்த மாற்றம் பிள்ளையிடம்தான் புதிதாக உண்டாகிறது. எங்கள் இருவருக்கும் டெஸ்ட் எடுத்தோம், இல்லை. இதில் கிரகணம் எங்கே வந்தது? இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எத்தனையோ அம்மாக்களை ராத்திரி அழ வைக்கிறார்கள்.

ஐயோ, கஞ்சி விஷயத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்தேன். தெரபிஸ்ட் அம்முவைப் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொடுத்த முறை. உங்கள் பிள்ளைக்கு எது சரி என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இன்னொன்று. ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது அவள் திடீர் திடீரென்று குனிந்து, கை இரண்டையும் விரித்து, அடுத்தடுத்துத் துள்ளினாள். பயந்து துள்ளுகிறாள் என்று நினைத்தோம். அது வலிப்பு. அப்படி இருந்தால் உடனே போனில் வீடியோ எடுத்து, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

13ஆவது ஸ்பூனை நீட்டினேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தை மெதுவாக ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மு பாஷையில் அதற்குப் "போதும்" என்று அர்த்தம்.