ஒரு விளக்குக்கு நான்கு பேர்

நேயர்களுக்கு வணக்கம். போர்க்காலத்தில் விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளின் நட்பைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். குண்டுவீச்சு, பங்கர் என்ற பதுங்குகுழி என்று பலரும் சொல்லிவிட்டார்கள். நான் விளக்கில் தொடங்குகிறேன்.

1990 ஜூனில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பிறகு பொருளாதாரத் தடை. பற்றரி வராது, பெற்றோல் வராது, மண்ணெண்ணெய் கிடைத்தாலும் கொள்ளை விலை. அப்போது எல்லா வீட்டிலும் எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு எண்ணெய், சைக்கிள் வால்கட்டைக்குள், அதாவது டியூப்பில் காற்றடிக்கும் வால்வுக்குள், நுழைத்த ஒரு மெல்லிய திரி. அவ்வளவுதான். கண்ணாடி காற்றை மறைக்கும், சொட்டு எண்ணெயில் வெகுநேரம் எரியும்.

எங்கள் விடுதியில் நான்கு பேருக்கு ஒரு விளக்கு. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பதினேழு வயதில் யாரோடு சேர்வது என்பதை மனந்தான் முடிவு செய்யும் என்பார்கள். எங்களுக்கு விளக்கு முடிவு செய்தது. என் விளக்கில் வேலணைப் பொடியன் ஒருவன், கிளிநொச்சிக்காரன் ஒருவன், கணக்கில் புலியான மானிப்பாய்க்காரன் ஒருவன். பகலில் எங்களுக்குள் பெரிய ஒட்டில்லை. ஆனால் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் இருட்டில்தான் உட்கார வேண்டும். பல்கலைக்கழகம் போக எழுதும் ஏ.எல். சோதனையோ நாடு முழுக்க ஒரே வினாத்தாள்; கொழும்பில் மின்விளக்கில் படித்தவனுக்கும் அதே தாள்தான். ஆகவே சண்டை போட்டாலும் தலைகள் நான்கும் ஒரே இடத்தில்தான் இருக்கும். முன்மயிர் கருகாதவன் எங்கள் வகுப்பில் இல்லை!

அந்த நெருக்கத்தில்தான் மற்றதெல்லாம் தெரியவந்தது. வேலணை இருக்கும் தீவுப்பகுதி இராணுவத்தின் கைக்குப் போய்விட்டதால் வேலணைக்காரனுக்கு விடுமுறைக்குப் போக வீடில்லை. அதை அவன் சொன்னதே இல்லை. விடுமுறை வந்தால், "படிக்க நிறையக் கிடக்கு மச்சான், நான் நிற்கிறன்" என்பான். மானிப்பாய்க்காரனின் அம்மாவுக்கு எப்படியோ விளங்கிவிட்டது. அடுத்த விடுமுறைக்கு, "அவனையும் கூட்டிக்கொண்டு வா" என்று ஒரே வரியில் சொல்லியனுப்பினார். அதன்பிறகு விடுமுறை என்றால் அவனுக்கும் மானிப்பாய்தான்.

அப்புறம் பாட்டு. வானொலியில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடலாமா? சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டைனமோ வயரைக் கசற் ரெக்கோடரில் கொடுத்து, ஒருவன் கையால் பெடலைச் சுற்ற வேண்டும். சுற்றுகிறவனுக்குக் கை சோர்ந்தால் பாடகருக்கும் தொண்டை சோரும். காதல் பாட்டு ஒப்பாரியாகிவிடும். "சுத்தடா!" என்று நாங்கள் கத்துவோம். ஆளுக்கொரு பாட்டு என்று முறை வைத்தோம். தனக்குப் பிடித்த பாட்டை அடுத்தவன் சுற்றித்தான் கேட்க முடியும். நட்புக்கு இதைவிடக் கடுமையான சோதனையை நான் பிறகு பார்க்கவில்லை.

பங்கருக்குள் பயமில்லையா என்று இளையவர்கள் கேட்பார்கள். இருந்தது. ஆனால் பனங்குற்றி அடுக்கிய அந்தக் குழிக்குள் விமானத்தைவிடப் பாம்புக்குப் பயந்தவர்களே அதிகம். கிளிநொச்சிக்காரன் எப்போதும் கடைசியாகத்தான் இறங்குவான், பாம்பிருந்தால் முதலில் இறங்கியவனைக் கடிக்கட்டும் என்று.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். கிளிநொச்சிக்காரன் இரவில், யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் நடுவிலுள்ள கிளாலிக் கடலைப் படகில் தாண்டி வீட்டுக்குப் போய்வந்த கதையைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அது இன்னொரு நாளைக்கு. 1995 ஒக்டோபர் 30-ஆம் திகதி, இராணுவம் நெருங்கியதால், யாழ்ப்பாண நகரும் சுற்றுவட்டாரமுமான வலிகாமமே எழுந்து கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்கள் நான்கு பேரும் நான்கு திசை. இப்போது இருவர் கனடாவில். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவோம், பெரும்பாலும் விடுதிச் சொதியில் தேங்காய்ப்பால் இருந்ததா இல்லையா என்று. இல்லை என்பதுதான் என் கட்சி. வணக்கம்.