டாலி கிளார்க் பார்த்த அதிசயங்கள்

(பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதை, அங்கங்கே சரிசெய்து எழுதியது.)

பெரியவர்களே, தாய்மார்களே, பரீட்சை நேரத்திலும் வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைவர் என்னை "உலகம் சுற்றியவர்" என்று சொல்லிவிட்டார். சுற்றிய நாடுகள் மொத்தமே மூன்று: கம்போடியா, எகிப்து, ஜோர்டான். மூன்றும் ரிட்டையர் ஆன பிறகு வந்த பணத்தில் போனது. அதற்கு முன்னால் 34 வருடம் ராயபுரத்துக்கும் ஹார்பருக்கும்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். வேலை, டாலி கிளார்க். இங்கே பாதிப்பேருக்கு அது என்னவென்று தெரியும். தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கப்பலிலிருந்து சரக்கு இறங்கும்போது பக்கத்தில் நின்று எண்ணுகிறவன். எத்தனை மூட்டை, எந்த ஹேட்ச் (கப்பலின் சரக்கறை வாய்), எந்த கேங் (வேலைக்குழு), எத்தனை கிழிசல் என்று எல்லாம் ஷீட்டில் ஏறும். கன்டெய்னர் வந்த பிறகு அந்த வேலையின் சுவாரசியம் போய்விட்டது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எந்தப் பெரிய கோயிலைப் பார்த்தாலும் என் மனசு முதலில் கணக்குத்தான் கேட்கும். இந்தக் கல் எங்கேயிருந்து வந்தது? தண்ணியிலா, தரையிலா? தூக்கினது எத்தனை பேர்? அவர்களுக்குச் சோறு யார் போட்டது? குடிக்கத் தண்ணி? மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள், நான் இதையெல்லாம் தேடிக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

முதலில் கம்போடியா. அங்கோர் வாட். இரண்டாம் சூரியவர்மன் 12-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் விஷ்ணுவுக்குக் கட்டிய கோயில். பிறகு பௌத்தக் கோயிலானது, இன்றும் காவியுடை பிக்குகள் நடமாடுகிறார்கள். மேற்குப் பார்த்த கோயில். சுற்றிலும் 190 மீட்டர் அகலத்துக்கு அகழி. அந்த அகழியைத் தாண்டும் பாதையில் நடக்கும்போதே வாய் அடைத்துவிடும். எங்களை அழைத்துப்போன டூர்காரர்கள் அந்தக் கோயிலுக்கு ஒதுக்கிய நேரம் ஒன்றேகால் மணி. மதியம் பட்டுத்துணிக் கடைக்கு இரண்டு மணி நேரம். கேட்டால், "சார், கோயில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றார் கூட வந்தவர். நாங்கள் இரண்டு பேரும் அடுத்த நாள் கூட்டத்தை விட்டுவிட்டு, ஒரு டுக்டுக் வண்டி பிடித்துத் தனியாகப் போனோம். நல்லதாகப் போயிற்று.

சுவரில் பாற்கடல் கடையும் சிற்பம் கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. அசுரர்கள் 92, தேவர்கள் 88 என்று கணக்கு. தொழில் பழக்கம், நானும் எண்ண ஆரம்பித்தேன். ஐம்பத்தி சொச்சத்தில் ஒரு பெரிய கூட்டம் வந்து தள்ளிவிட்டது, டாலி தப்பிப்போயிற்று. ஆனால் அந்த இழுப்பைப் பாருங்கள். எல்லார் காலும் ஒரே சாய்வு, எல்லார் கையும் ஒரே பிடி. ஐலசா போட்டுக் கயிறு இழுத்த ஆட்களைப் பக்கத்தில் நின்று பார்க்காதவன் இதைச் செதுக்கியிருக்க முடியாது.

என் கண் போனது வேறொன்றின் மேல். சுவரில் கல்லுக்குக் கல் வட்டமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். குண்டு பாய்ந்ததோ என்று சிலர் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பார்த்ததும் பிடிபட்டது. சிலிங் போடுகிற இடம்! ஓட்டையில் மர முளை அடித்து, அதில் கயிறு மாட்டித் தூக்கியிருக்கிறார்கள். ஆய்வாளர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். கல் வந்தது குலேன் மலை அடிவாரத்துக் குவாரிகளிலிருந்து. அந்தக் குவாரிகளுக்கும் கோயிலுக்கும் இடையில் பழைய கால்வாய்களின் தடம் இருப்பதை ஜப்பான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஆக, கல் பெரும்பாலும் மிதந்துதான் வந்திருக்கிறது. பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு காலத்தில் விறகும் உப்பும் படகில் வந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அதே சங்கதி.

அப்புறம் தண்ணீர். அங்கோருக்கு மேற்கே மேற்கு பாராய் என்று ஒரு நீர்த்தேக்கம், 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலம். வெள்ளைக்காரர்கள் எழுதிய பழைய புத்தகங்களைப் படித்தால் தோண்டிய குளம் என்று நினைக்கத் தோன்றும். தோண்டியது கிடையாது. நாலு பக்கமும் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பித் தேக்கியது. புழல் ஏரிக்கரையில் நின்ற நமக்கு இது உடனே விளங்கும், ஏரி என்றாலே நமக்குக் கரைதானே! அந்த பாராயின் நடுத்திட்டில் ஒரு வெண்கலப் பெருமாள் படுத்திருந்தார், அனந்தசயனத்தில். உடைந்த பாதி 1936-ல் கிடைத்தது.

பக்கத்திலேயே பாயோன். ஏழாம் ஜெயவர்மன் காலத்தது. எல்லாரும் அண்ணாந்து கோபுரத்து முகங்களைப் பார்ப்பார்கள். நீங்கள் போனால் கீழே, வெளிப்பிராகாரத்துச் சுவரைப் பாருங்கள். ராஜாவுக்குக் கட்டிய கோயிலில் சேவல் சண்டை நடக்கிறது, அடுப்பெரிகிறது, பொம்பளைகள் கடை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள், போர்ப்படகுக்கு அடியில் மீன் நீந்துகிறது. என் வீட்டுக்காரம்மா ஒரு வியாபாரிப் பெண் முன்னால் நின்றுவிட்டாள். "இவ மூஞ்சியப் பாருங்க. விடியக்காலைலேருந்து பேரம் பேசி சலிச்சுப் போனவ மாதிரி இல்ல?" என்றாள். காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள், அவளுக்குத் தெரியாதா. 800 வருடத்துக்கு முந்தைய பெண்ணும் இவளும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இந்தோனேசியாவின் போரோபுதூர் பௌத்தக் கோயிலுக்கு நான் போனதில்லை, ஆசை இருக்கிறது. அதன் சுவரில் பக்கக்கட்டை கட்டிய பாய்மரக் கப்பல்கள் செதுக்கியிருக்கின்றன. அதைப் பார்த்தே ஒரு கப்பல் கட்டி, 2003-ல் கிளப்பி, ஆப்பிரிக்காவின் கானா வரை ஓட்டிக் காட்டினார்கள். நம் மீனவர்கள்தான் முதலில் அங்கே போக வேண்டும். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது எனக்கோ பேராசிரியர்களுக்கோ தெரியாது.

சரி, எகிப்து. கிளம்பும்போது என் பேரன், "தாத்தா, பிரமிடை வேற்றுக்கிரகத்து ஆளுங்கதான் கட்டினாங்களாம், யூடியூப்ல சொன்னாங்க" என்றான். கோபம் வந்தது, மறைக்கவில்லை. கீசாவின் பெரிய பிரமிடில் 23 லட்சம் கல் என்று மதிப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் 146 மீட்டர் உயரம், இப்போது 138 சொச்சம். இவ்வளவையும் மனுஷன் தூக்கி வைத்தான் என்றால் நம்ப மாட்டார்கள், பறக்கும் தட்டு என்றால் நம்புவார்கள். கூலிக்காரன் உழைப்பு என்றால் எப்போதுமே அப்படித்தான்.

ஆனால் டாலி ஷீட் இருக்கிறது! 2013-ல் செங்கடல் ஓரம் வாதி அல் ஜார்ஃப் என்ற இடத்தில், பியேர் தாலே என்ற பிரெஞ்சுக்காரரின் குழு பாப்பிரஸ் சுருள்களைத் தோண்டி எடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்ததிலேயே பழையவை, 4,500 வருடத்துக்கு மேல். எழுதியது ராஜாவும் இல்லை, பூசாரியும் இல்லை. மெரெர் என்று ஒரு மேஸ்திரி. ஏறக்குறைய 40 ஆட்கள் அவர் கையில். தூரா குவாரியில் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி, நைல் வழியாக, கீசாவில் பெரிய பிரமிடு கட்டும் இடத்துக்குக் கொண்டுபோய் இறக்குவது அவர்கள் வேலை. இன்றைக்குக் கல் ஏற்றினோம், இன்றைக்குக் கிளம்பினோம், ராத்திரி இந்த இடத்தில் தங்கினோம் என்று நாள்வாரியாகக் குறித்திருக்கிறார். பத்து நாளைக்கு இரண்டு மூன்று நடை. கூடவே கிடைத்த கணக்குத் தாள்களில் வர வேண்டிய தானியம் இவ்வளவு, வந்தது இவ்வளவு, பாக்கி இவ்வளவு என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறது. பாக்கி! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பழைய ஓவர்டைம் பாக்கிக்கு அலைந்தவன் நான்.

இன்னொன்று. கல்லைச் சுமந்த கேங்குகள் தங்கள் பெயரைக் கல்லிலேயே கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு கேங்குக்குப் பெயர் "குஃபுவின் நண்பர்கள்". குஃபுதான் பெரிய பிரமிடைக் கட்டிய ராஜா. மென்கௌரே என்ற ராஜாவின் பிரமிடில் வேலை பார்த்த கேங்குக்கு "மென்கௌரேயின் குடிகாரர்கள்" என்று பெயர். சிரிக்காதீர்கள், நம் பக்கத்துக் கிரிக்கெட் டீம்களின் பெயர்களை நானும் பார்த்திருக்கிறேன். 1990-ல் ஒரு குதிரை கால் இடறியதில் ஒரு மண்சுவர் தட்டுப்பட்டு, தொழிலாளர்களின் சமாதிகள் வெளியே வந்தன. எலும்புகளில் முதுகுத்தண்டு தேய்ந்திருக்கிறது, முறிந்த கை கூடியிருக்கிறது. யாரோ வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ரொட்டி சுட்ட அடுப்படிகளும் பக்கத்தில் கிடைத்தன. அங்கே ஒட்டகக்காரர்களிடம் மட்டும் ஜாக்கிரதை. ஏற ஒரு காசு, இறங்க அதைவிடப் பெரிய காசு. இறங்காமல் என்ன செய்வீர்கள்?

ஜோர்டானில் பெட்ரா, நபதேயர்கள் என்ற பழைய அரபு மக்கள் பாறையில் வெட்டிய ஊர். மலை இடுக்கு வழியாக 1.2 கிலோமீட்டர் நடந்தால், திடீரென்று எதிரே பாறையில் வெட்டிய 40 மீட்டர் உயர முகப்பு நிற்கும். மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டு வந்தது, நம் மாமல்லபுரத்து ரதங்கள் மாதிரி. உச்சியில் ஒரு கலசம் இருக்கிறது. அதற்குள் புதையல் என்று நினைத்து அந்தப் பக்கத்து ஆட்கள் சுட்டுச் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். முழுக் கல், உள்ளே ஒன்றும் இல்லை.

எனக்குப் பிடித்தது வழிநெடுகச் சுவரில் போகும் வாய்க்கால்தான். ஒரு பக்கம் பாறையில் வெட்டிய வாய்க்கால், இன்னொரு பக்கம் சுட்ட மண் குழாய். பாலைவனத்தில் ஊருக்குக் குடிதண்ணீர். அதைவிட, இடுக்கின் வாயிலில் ஒரு அணை கட்டி, மலையைக் குடைந்து, மழைவெள்ளத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள், 2,000 வருடத்துக்கு முன்னால். காலப்போக்கில் அது பாழாகிவிட்டது. 1963-ல் திடீர் வெள்ளம் அந்த இடுக்கில் பாய்ந்து, பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர்கள் 20 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். அதன் பிறகு எங்கே அணை கட்டினார்கள்? நபதேயர்கள் கட்டிய அதே இடத்தில். வியாசர்பாடியிலும் மணலியிலும் வீட்டுக்குள் தண்ணி வந்து, கட்டில் மேல் அடுப்பு வைத்துச் சமைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மேலே நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

நம் ஊருக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிப் பேசினாலே, உச்சியில் 80 டன் ஒற்றைக்கல், நிழல் தரையில் விழாது என்பார்கள். இரண்டும் தப்பு. உச்சிக்கல் பல துண்டுகள் சேர்ந்தது. நிழல் நன்றாகவே விழும், சாயந்திரம் போய் அதில் உட்கார்ந்து பாருங்கள், சுகமாக இருக்கும். கட்டுக்கதையைச் சொல்லி, அடித்தளத்தில் வெட்டியிருக்கும் கணக்கைப் படிக்காமல் வந்துவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம். ராஜராஜன் தான் கொடுத்தது, அக்கன் கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என்று எல்லாவற்றையும் கல்லில் ஏற்றிவைத்தவன். கோயில் வேலைக்கு வந்த 400 பெண்களுக்குப் பெயர் சொல்லி, வீட்டு வரிசை சொல்லிப் பதிந்திருக்கிறது. அதைவிடப் பெரிய டாலி ஷீட் நான் பார்த்ததில்லை.

திருவொற்றியூர் தெரியாதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். சுந்தரரும் சங்கிலியாரும் மகிழமரமும் தெரியும். மூலவர் கருவறையின் பின்பக்கம் நேராக இல்லாமல், யானை முதுகு மாதிரி வளைந்திருப்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். பார்த்தீர்களா, நாலு கை. அதைக் கருங்கல்லில் எடுப்பித்தது முதலாம் ராஜேந்திரன் காலத்தில். கட்டின தச்சனின் பெயரையே கல்வெட்டு சொல்கிறது: ரவி என்கிற வீரசோழத் தச்சன். அங்கோரில் அத்தனை பெரிய கோயில் நிற்கிறது, கட்டினவன் பெயர் யாருக்கும் தெரியாது. இங்கே பஸ்ஸில் போகிற தூரத்தில், ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு தச்சன் பெயரோடு இருக்கிறான்.

கடைசியாக ஒன்று. எண்ணூரில் கடலில் சேர்கிற கொசஸ்தலை ஆறு இருக்கிறதே, சாம்பல் கலந்து ஓடுகிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறோமே, அந்த ஆற்றை எதிர்த்திசையில் ஏறிப் போனால் பூண்டி வரும். அதற்கும் அந்தப்பக்கம் அதிரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே வருடம் அதிரம்பாக்கத்திலும் நிறையக் கைக்கோடரிகள் கிடைத்தன. நம் காலத்தில் சாந்தி பப்பு என்ற ஆய்வாளரின் குழு அங்கே வருடக்கணக்காகத் தோண்டியது. 2011-ல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, அந்தக் கருவிகளில் பழையவற்றின் வயது 15 லட்சம் வருடம். ஆயிரம் இல்லை, லட்சம். பிரமிடுக்கு 4,500. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பார்க்க அங்கே கோபுரம் கிடையாது. பொட்டல், ஓடை, கூழாங்கல். பூண்டியில் ஒரு சின்ன அகழ்வைப்பகம் இருக்கிறது. எந்தெந்த நாள் திறப்பார்கள் என்று நான் விசாரித்துச் சொல்கிறேன். வருகிறவர்கள் நம் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். திருவள்ளூர் வரை ரயில், அங்கிருந்து பஸ். ஆளுக்கு ஒரு பொட்டலம் புளிசாதமும் இரண்டு பாட்டில் தண்ணியும் கட்டிக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் ஹோட்டலை நம்ப வேண்டாம். ஏறும்போதும் இறங்கும்போதும் தலையை நான் எண்ணிக்கொள்கிறேன்.